முதல் மாஸ்க் தலைவருக்கு

பெயர்: சற்குணம் த/பெ கந்தப்பு. வயது: நாற்பத்தொன்பது. தொழில்: அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிராணி (எழுத்தர்). முகவரி: ஜாலான் பேராக், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

இந்த வாக்குமூலம் 1998ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், காவல் நிலையத்தின் மாடியில் உள்ள பதிவு அறையில், சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல சார்ஜன் திருநாவுக்கரசுவால் எழுதப்பட்டது. சாட்சி தெளிந்த நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிப் பேசினார். தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். மூன்றாம் முறை கேட்டபோது வாங்கிக்கொண்டார்.

நான் கடலில் முக்குளிப்பவர்களின் சங்கமான தஞ்சோங் கடலடிக் கழகத்தின் செயலாளர். சென்ற நவம்பரில் எங்கள் செயற்குழு கூடி, கழக வரலாற்றிலேயே மிகப் பெரிய முடிவை எடுத்தது. அதாவது, அடிபட்டவருக்கு ஆக்சிஜன் கொடுக்கும் பயிற்சியின் தொடக்க விழாவில் முதல் மாஸ்க்கைச் சிறப்பு விருந்தினருக்கு அணிவிக்காமல் தலைவருக்கே அணிவிப்பது என்பதாகும். கூட்டம் காலைப் பலகாரத்தில் தொடங்கி மாலைப் பலகாரம் வரை நடந்தது. ஓர் உறுப்பினர் ராஜினாமா செய்தார். வடை வந்ததும் அதைத் திரும்பப் பெற்றார். எங்கள் தலைவர் திரு. விஸ்வலிங்கம் ஓய்வுபெற்ற தலைமைக் கிராணி. அலுவலகத்தில் நான் அவருக்குக் கீழே பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அவர் தமக்கு வேண்டாம் என்று மூன்று முறை மறுத்தார். எங்கள் வழக்கத்தில் பெரியவர் ஒருவர் மூன்று முறை மறுத்தால் சம்மதித்துவிட்டார் என்று பொருள். ஆகவே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதன் பிறகு சிறப்பு விருந்தினரின் மனம் கோணக் கூடாது என்பதற்காக, கழகம் வாங்கிய ஆக்சிஜன் பெட்டியோடு வந்த இரண்டு மாஸ்க்குகளில் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவருக்கு நினைவுப் பரிசாக வழங்கலாம் என்று நான் முன்மொழிந்தேன். அதுவும் ஒருமனதாக நிறைவேறியது.

பயிற்சி கொடுத்தவர் செல்வி ரோஹானா. பட்டர்வொர்த்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவர், முக்குளிப்பும் கற்றுக்கொடுப்பவர். ஆழத்திலிருந்து ஒருவர் அவசரமாக மேலே வந்தால், சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தது போல அவர் உடம்பில் குமிழ்கள் கிளம்பும் என்றும், அவை முதுகுத்தண்டில் தங்கினால் கைகால் விழுந்துவிடும் என்றும், ஆஸ்பத்திரி சேரும் வரை சுத்தமான ஆக்சிஜனை இடைவிடாமல் கொடுத்தால் பிழைக்க வழி உண்டு என்றும் அவர் சொல்லிக்கொடுத்தார். எண்ணெயும் நெருப்பும் சிலிண்டருக்குப் பக்கத்தில் வரவே கூடாது என்றும் சொன்னார். ஆகவே குத்துவிளக்கை மண்டபத்தின் மறுகோடியில் வைத்து ஏற்றினோம்.

செல்வி ரோஹானா முதல் நாளே சொன்ன இன்னொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. “யாரு ரொம்ப மோசமா இருக்காங்களோ அவங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கணும். எனக்கு ஒண்ணுமில்ல, வேணாம்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. டைவருங்க எல்லாரும் அப்படித்தான்லா. வேணாம்னு சொல்றதே ஒரு நோய்க்குறிதான்” என்றார். வேண்டாம் என்பவருக்கே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கமும் ஆகையால், இது எனக்குப் புதிதாகப் படவில்லை. நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி நடந்தது. ஒருவர் அடிபட்டவராகப் பாயில் படுக்க வேண்டும், மற்றொருவர் வால்வை மெதுவாகத் திறந்து, மாஸ்க்கில் தொங்கும் பை உப்புகிறதா என்று பார்த்து, அதன் பிறகு மாஸ்க்கை முகத்தில் பொருத்த வேண்டும். பதவி வரிசைப்படி முதலில் தலைவர் அடிபட்டவரானார். தலைவரைத் தரையில் படுக்கச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. ஆகவே அவருக்கு நாற்காலி போட்டோம். செல்வி ரோஹானா ஆட்சேபித்தார். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டோம். தலைவருக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு குமாரி அருந்ததி, இப்படியே வரிசை போகும். கடைசியில் இருந்தவர் திரு. அப்துல் ரசாக். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், வயது முப்பதைத் தாண்டி இருக்கலாம், கழகத்தில் கடைசியாகச் சேர்ந்தவர். ஒவ்வொரு வாரமும் அவருடைய முறை வரும்போது தேநீர் வந்துவிடும். ஆகவே அவர் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. இருந்தாலும் பயிற்சியில் நாங்கள் எல்லோரும் தேறினோம்.

அதன் பிறகு பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகோட்டி சின்னையாவின் படகில் பாயார் தீவுக்குப் போனோம். படகில் தலைவர், குமாரி அருந்ததி, திரு. ரசாக், நான், சின்னையா ஆகிய ஐவர் இருந்தோம். எனக்குச் சளி பிடித்திருந்ததால் நான் நீரில் இறங்கவில்லை. ஆக்சிஜன் பெட்டிக்குப் பொறுப்பாக, அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு முறை மூவரும் இறங்கி ஏறினார்கள். மதியம் இரண்டாம் முறை இறங்கி ஏறியபோது, தலைவர் தம்முடைய டார்ச் லைட்டைக் கீழே தவறவிட்டுவிட்டதாகச் சொன்னார். அது அவர் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தார் கொடுத்தது. அவர் பெயர் பொறித்தது.

தலைவர், “போனது போகட்டும். யாரும் எறங்க வேணாம்” என்றார். அதன் பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பெரிய பாறைக்கு எடது பக்கம், மணல் ஆரம்பிக்கிற எடத்துலதான் விழுந்துச்சு. ஆனா வேணாம்” என்றார்.

திரு. ரசாக் மறுபடியும் இறங்கினார். வெறுங்கையோடு வந்தார். மூச்சு வாங்கினார். தலைவர், “வேணாம்னு சொன்னேன்லப்பா” என்றார். திரு. ரசாக் மீண்டும் இறங்கப் போனபோது குமாரி அருந்ததி அவருடைய தோள்பட்டையைப் பிடித்து, “ரசாக், ஒனக்கு என்ன பைத்தியமா? இத்தன தடவ ஏறி எறங்கினா ஒடம்பு என்னாகும்? டார்ச் லைட்டு பினாங்கு ரோட்டுல கெடைக்கும்” என்றார். திரு. ரசாக் சிரித்துக்கொண்டு, “பேரு போட்டது கெடைக்காதுக்கா” என்று சொல்லிவிட்டு இறங்கினார். இந்த முறை அவர் மிக வேகமாக மேலே வந்தார். கையில் டார்ச் லைட் இருந்தது. அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தலைவர் அதை வாங்கி அணைத்தார்.

அதன் பிறகு படகு பினாங்கு நோக்கிப் புறப்பட்டது. கொஞ்ச தூரம் போனதும் தலைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலை வலிக்கிறது என்றார். அதே சமயம், படகின் பின்பக்கத்தில் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்த திரு. ரசாக் தம்முடைய இடது காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். என்னவென்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லண்ணே. கால் மரத்துப் போச்சு. கீழ மிதிச்சா அட்டைப்பெட்டி மேல நிக்கிற மாதிரி இருக்கு. ஈரத்துல உக்காந்திருக்கேன்ல, அதான்.”

இந்த இடத்தில் எனக்குக் குழப்பம் ஏற்பட்டது. பயிற்சியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அடிபட்டவராக இருப்பார். இருவர் ஒரே நேரத்தில் அடிபடுவது எங்கள் பயிற்சியில் வந்ததே இல்லை. ஆனால் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. பெட்டியை விட்டு எழுந்து அதைத் திறந்தேன். சின்னையாவைச் சிகரெட்டை அணைக்கச் சொன்னேன். அவர் அணைத்தார். அதன் பிறகு மாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு, “ரசாக், ஒனக்கு வேணுமாப்பா?” என்று கேட்டேன். அவர், “வேணாண்ணே. மொதல்ல ஐயாவுக்குக் குடுங்க” என்றார். தலைவரிடம் கேட்டேன். அவர், “எனக்கு எதுக்குலா” என்றார். மறுபடி கேட்டேன். “வேணாம்ப்பா” என்றார். மறுபடி கேட்டேன். “சின்னப் பையன் இருக்கான், அவனுக்குக் குடு” என்றார். ஆகவே தலைவருக்கு அணிவித்தேன்.

படகில் இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். வால்வை மெதுவாகத் திறந்தேன். பை உப்பியதைப் பார்த்தேன். மாஸ்க்கை ஓரங்களில் காற்று கசியாதபடி பொருத்தினேன். நான் செய்ததில் ஒரு படிகூட விடுபடவில்லை என்று இன்றும் சொல்வேன்.

கொஞ்ச நேரத்தில் தலைவருக்கு நல்ல தெளிவு வந்தது. மாஸ்க்கைக் கழற்றி, “அடேயப்பா, இருபது வயசு கொறைஞ்ச மாதிரி இருக்கேப்பா” என்றார். அதன் பிறகு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றி, ஆண்டுக்கூட்டத்தில் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தப் போவதாகச் சொல்லி, அதன் தொடக்கத்தைப் பேசிக் காட்டினார். அவர் பேசியபோதெல்லாம் மாஸ்க் அவர் மடியில் கிடந்து ஸ்ஸென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தது. நான் வால்வை மூடவில்லை. தொடங்கிவிட்டால் ஆஸ்பத்திரி வரை நிறுத்தக் கூடாது என்பது பயிற்சி.

அப்போது பின்பக்கத்திலிருந்து குமாரி அருந்ததி கூப்பிட்டார். “அண்ணே, இவன் கால்ல கிள்ளிப் பாத்தேன். தெரியலைங்கறான். மாஸ்க்க இங்க குடுங்க.”

“தலைவர் இன்னும் முடிக்கலம்மா” என்றேன்.

“இதென்ன கல்யாணப் பந்தியாண்ணே, அவரு எலைய மடக்குனாத்தான் அடுத்த பந்தி வைப்பீங்களோ?” என்று அவர் கேட்டார். அதன் பிறகு, “சிலிண்டர்ல ரெண்டு மாஸ்க் மாட்ட எடம் இருக்கே, இன்னொரு மாஸ்க் எங்க?” என்று கேட்டார். அது சிறப்பு விருந்தினர் வீட்டு வரவேற்பறையில் இருப்பதாகச் சொன்னேன். குமாரி அருந்ததி ஒரு வார்த்தை சொன்னார். அவர் பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் அந்த வார்த்தையை இங்கே பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு குமாரி அருந்ததி எழுந்து வந்து தலைவரிடமிருந்து மாஸ்க்கை வாங்கக் கையை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன். பெரியவர் ஒருவர் முகத்திலிருந்து நாமாக ஒன்றை எடுப்பது முறையல்ல என்று நான் நினைத்தேன். திரும்பித் திரு. ரசாக்கிடம், “ரசாக், நீயே சொல்லுப்பா, அவசரமா?” என்று கேட்டேன். அவர் அதற்குள் கயிற்றின் மேல் சாய்ந்து படுத்திருந்தார். “இல்லண்ணே. ஐயா முடிக்கட்டும்” என்றார். இதைக் குமாரி அருந்ததியும் கேட்டார். சின்னையாவும் கேட்டார். சின்னையா திரும்பிப் பார்க்காமலே, “யாரு மூஞ்சியிலயாவது வைங்கலா. கத்துனா போட் சீக்கிரம் போவாது” என்றார்.

எஞ்சின் சத்தத்தில் தலைவருக்கு இவை எதுவும் கேட்கவில்லை என்று பின்னால் அவர் சொன்னார். நான் அதை நம்புகிறேன். குமாரி அருந்ததி என்னைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முன் நின்றபோதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். திரு. ரசாக் படுத்திருப்பதைப் பார்த்தார். உடனே மாஸ்க்கைத் தாமே கழற்றினார். “என்னய்யா இது? தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா? எனக்கு யாருமே சொல்லலையே!” என்றார். அவர் குரல் மாறியிருந்தது. தம்முடைய கைக்குட்டையால் மாஸ்க்கை உள்ளும் புறமும் துடைத்து, சிலிண்டரைத் தாமே தூக்கிக்கொண்டு போய், படகின் தளத்தில் மண்டியிட்டு, திரு. ரசாக்கின் முகத்தில் வைத்துப் பிடித்தார். தலைவர் யாருக்கும் முன்னால் மண்டியிட்டு நான் பார்த்ததில்லை.

பை உப்பவில்லை. குமாரி அருந்ததி பையைக் கையால் நீவிப் பார்த்தார். நான் அளவுமானியைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் இருந்தது. தலைவர், “காத்து வருதாப்பா?” என்று கேட்டார்.

திரு. ரசாக் மாஸ்க்குக்குள்ளிருந்து, “வருதுங்கய்யா. நல்லாருக்கு” என்றார்.

அதன் பிறகு படகு துறை சேரும் வரை தலைவர் மாஸ்க்கை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. துறையில் திரு. ரசாக்கால் எழுந்திருக்க முடியவில்லை. சின்னையாவும் நானும் அவரைத் தூக்கிக் கரையில் கிடத்தினோம். அவர், “மன்னிச்சிருங்கண்ணே, கனமா இருப்பேன்” என்றார். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்து, அங்கிருந்து லூமுட்டில் உள்ள, குமிழ்களைக் கரைக்கும் அழுத்த அறைக்கு அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். தலைவரையும் பரிசோதித்தார்கள். வெயிலில் வெறும் வயிற்றோடு இருந்ததால் வந்த தலைவலி என்று சொல்லி, சாப்பிடச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் செல்வி ரோஹானா என்னிடம், “தோங்குல இருந்த ஆக்சிஜன் முழுக்க யாருக்குண்ணே குடுத்தீங்க?” என்று கேட்டார். சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டார். முதலில் சொன்ன பதிலையே சொன்னேன். அவர் எதற்காக இரண்டாம் முறை கேட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: திரு. அப்துல் ரசாக்குக்கு முதலில் ஏன் கொடுக்கவில்லை?

பதில்: அவர் வேண்டாம் என்றார்.

கேள்வி: தலைவரும் வேண்டாம் என்றாரே?

பதில்: தலைவர் மூன்று முறை சொன்னார். ரசாக் ஒரு முறைதான் சொன்னார்.

கேள்வி: ரசாக்கிடம் மறுபடி கேட்டீர்களா?

பதில்: கேட்டேன். ஐயா முடிக்கட்டும் என்றார். அது வேண்டாம் என்பதில் சேருமா, காத்திருக்கிறேன் என்பதில் சேருமா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது சில நாட்களாகத் தோன்றுகிறது. சேர்த்துப் பார்த்தாலும் இரண்டு முறைதான் ஆகிறது.

கேள்வி: வேண்டாம் என்று சொல்வதே நோய்க்குறி என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா?

பதில்: சொல்லிக்கொடுத்தார்கள். அதனால்தான் தலைவருக்குக் கொடுத்தேன்.

இந்தப் பதிலைச் சொன்ன பிறகு சாட்சி தண்ணீர் கேட்டார்.

திரு. ரசாக்கின் மனைவி நூர் பீவி கொடுத்துள்ள போலீஸ் புகாரில், தம் கணவருக்கு நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்லியிருப்பதாக எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இது சரியல்ல. மாஸ்க் கொடுத்தோம். துறை வரும் வரை எடுக்கவே இல்லை. இந்த வழக்கில் நான் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவனா என்று கேட்டேன். இப்போதைக்குச் சாட்சி என்று சார்ஜன் சொன்னார்.

சம்பவத்துக்குப் பிறகு செயற்குழு கூடியது. பெட்டியில் எப்போதும் இரண்டு மாஸ்க்குகள் இருக்க வேண்டும் என்று முடிவானது. நினைவுப் பரிசாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது முறையாகுமா என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் தலைவர் டார்ச் லைட்டை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியவில்லை.

இன்று காலை தலைவரும் நானும் ஒன்றாகவே நிலையத்துக்கு வந்தோம். மாடிப்படியின் கீழே அவர் என்னை முதலில் ஏறச் சொன்னார். நான் மறுத்தேன். அவர் மறுபடி சொன்னார். நான் மறுபடி மறுத்தேன். பின்னால் வந்த போலீஸ்காரர் ஒருவர் வழிவிடச் சொன்னதால் இருவரும் சேர்ந்தே ஏறினோம். எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

மேலே உள்ளவற்றைச் சார்ஜன் எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். கண்டதையும் செய்ததையும் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். தலைவர் முகத்திலிருந்து மாஸ்க்கை எடுக்கக் குமாரி அருந்ததி வந்தபோது நான் “குறுக்கே நின்றேன்” என்று இருப்பதை “பக்கத்தில் நின்றேன்” என்று மாற்ற முடியுமா என்று கேட்டேன். உண்மை எதுவோ அதைத்தான் எழுத முடியும் என்று சார்ஜன் சொன்னார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) க. சற்குணம்

என் முன்னிலையில்,
(ஒப்பம்) சார்ஜன் திருநாவுக்கரசு

குறிப்பு: இதே விசாரணையில் திரு. அப்துல் ரசாக்கின் வாக்குமூலம் அன்று பிற்பகல் எடுக்கப்பட்டது. பதிவு அறை மாடியில் இருப்பதால், நிலைய வாசலில் நிறுத்தியிருந்த காரில் வைத்து அது எழுதப்பட்டது.